ஹலோ அக்கா எழுதிய பரீட்சை

திருப்பூரில் ஹலோ அக்காவின் பாட்டைக் கேட்காமல் கல்யாணம் ஆனவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஊரறியத் தாலி கட்டியவர்கள் அத்தனை பேருடைய வரவேற்பிலும் அவர் பாடியிருக்கிறார். அவிநாசிபாளையத்தில் கோயில் நோம்பியா, பொங்கலூரில் காதுகுத்தா, வீரபாண்டியில் புது சாயப்பட்டறை திறப்பா, எங்கே மேடை போட்டாலும் ஜிகினா சேலையும் கையில் மைக்குமாக அவர்தான் நிற்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஹால் டிக்கெட்டில் பார்த்திருக்கிறேன். யாரோ அடக்கமான ஒரு பெண்மணியின் பெயர். அவருக்குக் கொஞ்சமும் ஒட்டாது. எதைப் பேச ஆரம்பித்தாலும் “ஹலோ... ஹலோ... செக்...” என்று தொண்டையைச் சரிபார்த்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். மளிகைக் கடையில் துவரம்பருப்பு கேட்பதானாலும் இதே கதைதான். கடைக்காரர் அசராமல், “சவுண்டு தெளிவாக் கேக்குதுங்க, சொல்லுங்க” என்பார். அப்படி ஊர் வைத்த பெயர்தான் ஹலோ அக்கா.

இந்த அக்கா கல்லூரியில் என் வகுப்புத் தோழி. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருப்பவன். வெளிநாட்டு பையர் கேட்ட நிறத்துக்கும் நம்ம சாயப்பட்டறை கொடுத்த நிறத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் என் தொழில். சீனியர் ஆக வேண்டுமானால் டிகிரி வேண்டும் என்றார்கள் எச்.ஆரில். எதில் டிகிரி என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பல்லடம் ரோட்டில் ஒரு கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் தொலைநிலை வகுப்பில், போட்டியே இல்லாமல் இடம் கிடைத்த ஒரே படிப்பு பி.ஏ. நிகழ்த்துகலை. குளிக்கும்போதுகூடப் பாடாத நான் இப்படித்தான் கலையுலகுக்குள் நுழைந்தேன்.

வகுப்பில் மற்றவர்களும் என் ஜாதிதான். ஒரு பஞ்சாயத்து எழுத்தர், ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், மாப்பிள்ளை வீட்டார் பட்டதாரி கேட்டதால் சேர்க்கப்பட்ட ஒரு பெண். மேடை ஏறிப் பிழைத்தவர் ஹலோ அக்கா ஒருவர்தான். ஆகவே நிகழ்த்துகலையில் ஃபெயில் ஆனவரும் அவர் ஒருவர்தான். பல்கலைக்கழகத்தின் பெருமையை இதற்கு மேல் நான் விளக்க விரும்பவில்லை.

அவர் எதற்காகப் படிக்க வந்தார் என்று முதல் மாதமே கேட்டேன். அவர் பாடிக்கொண்டிருந்த ஆர்க்கெஸ்ட்ராவில் புதிதாக ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். செல்போனில் டிராக் போட்டுக்கொண்டு நன்றாகவே பாடுவாள், நன்றாகவே ஆடுவாள். ஹிட் பாட்டெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. அக்காவுக்கு மிஞ்சியது முதலில் சாமி பாட்டு, கடைசியில் நன்றியுரை. எங்கள் முதலாளி பனியன் கம்பெனியோடு ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியும் நடத்துகிறார். கம்பெனி ஆயுதபூஜையில் வருடா வருடம் பாடுகிற அக்காவிடம் அவர், “ஒரு டிகிரி மட்டும் கொண்டாந்துருங்க அம்மிணி, மியூசிக் டீச்சர் வேலை உங்களுக்குத்தான்” என்று சொல்லியிருந்தார்.

“பாடறவளுக்கு வயசாச்சுன்னா, கொரலு நல்லாருந்தாலும் மேடைய உட்டு எறக்கிருவாங்க கண்ணு. டீச்சருக்கு வயசாச்சுன்னா மரியாதை கூடும். நா எந்தப் பக்கம் போறது, நீயே சொல்லு?” என்றார் அக்கா. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவு தெளிவாக யோசித்தவர், வகுப்புக்கு நேரத்துக்கு வர மட்டும் யோசிக்கவில்லை. பத்து மணி வகுப்புக்குப் பதினொன்றரைக்கு வந்து, வாசலில் நின்று, “இன்னும் ஆரம்பிக்கலீங்களே?” என்பார். ஆரம்பித்துப் பாதி முடிந்துவிட்டது என்று விரிவுரையாளர் சொன்னால் அதிர்ச்சியடைவார்.

“ஏழு மணி நிகழ்ச்சின்னு நோட்டீஸ் போட்டா ஒம்பதுக்குத்தானுங்க ஆரம்பிக்கோணும்? நேரத்துக்கு ஆரம்பிச்சா, யாரும் மதிக்காத ட்ரூப்புன்னு சனம் நெனைச்சுக்குமுங்க.”

விரிவுரையாளர்களை அவர் வென்றது வேறு வழியில். ஒருவர் வகுப்புக்குள் நுழைந்ததும் அக்கா எழுந்து, “அடுத்ததாக, நம் அனைவரின் உள்ளங்களையும் கொள்ளை கொண்ட, நாடகக் கலையைக் கரைத்துக் குடித்த, அன்பிற்கினிய பேராசிரியர் அவர்களை உங்கள் பலத்த கரவொலிக்கிடையே...” என்று அழைப்பார். நாங்கள் தட்டியே ஆக வேண்டும். அந்த அன்பிற்கினியவர் வாழ்க்கையில் மேடை ஏறாதவர். கைடைத் திறந்து, பக்கம் சொல்லி, கமா முதல் முற்றுப்புள்ளி வரை வாசித்துவிட்டுப் போகிறவர். முதல் வாரம் அவர் நெளிந்தார். இரண்டாம் வாரம் சிரித்தார். அதற்குப் பிறகு, அக்கா வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வராமல் வராந்தாவிலேயே கொஞ்ச நேரம் நிற்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் பரீட்சை வந்தது. அக்கா வழக்கம்போல் நிதானமாக வந்தார். ஹாலில் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “பாடறவ வராமயே நிகழ்ச்சிய ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று கண்காணிப்பாளரைக் கேட்டார். அந்த மனிதர் மிரண்டுபோய் விடைத்தாளை நீட்டிவிட்டார்.

முடிந்து வெளியே வந்ததும் பேக்கரியில் உட்கார்ந்து, எப்படி எழுதினார் என்று விசாரித்தேன். முகமெல்லாம் பூரிப்பு.

“மொதல்ல விநாயகர் மேல ஒரு பாட்டு, ஒரு பக்கம். அப்பறம் சின்னக் கேள்வியெல்லாம் மெதுவா. நடுவுல கொஞ்சம் கலகலப்பா. பெரிய கேள்வி எனக்கு மனப்பாடமாத் தெரியும், அதக் கடைசில வெச்சிருந்தேன்.”

“எழுதுனியளா?”

“எங்க கண்ணு எழுத உட்டாங்க? பெல்லு அடிச்சுட்டாங்க. நன்றியுரைக்கு மட்டும் நேரம் இருந்துச்சு. ஹால்ல ஃபேன் போட்டவங்க, தண்ணி ஊத்துனவங்க, திருத்தப் போற பேராசிரியரு, எல்லாத்துக்கும் நன்றி சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “ஏக்கா, நன்றிக்கு மார்க்கு கெடையாதுக்கா. தெரிஞ்ச பெரிய கேள்விய மொதல்லயே எழுத வேண்டியதுதானே?”

அக்கா என்னை ஒரு கத்துக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீ மேடை பாத்ததில்ல கண்ணு. மொதல் பாட்டே ஹிட்டு பாட்டப் போட்டா என்னாகும்? சனம் அதக் கேட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிரும். மொதல்ல சாமி பாட்டு, கூட்டம் சேர்ற வரைக்கும் மெதுவா ரெண்டு பாட்டு. மைதானம் நெறைஞ்சப்பறந்தான் ஹிட்டு.”

“இங்க கூட்டமே கெடையாதுக்கா. திருத்துறது ஒருத்தருதான்.”

“ஒருத்தருன்னா இன்னும் சிரமமாச்சே! அந்த ஒருத்தரும் எந்திரிச்சுப் போயிட்டா மைதானமே காலியில்ல?”

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அந்தத் தாளில் ஃபெயில்.

மற்ற தாள்களில் சின்னக் கேள்விகள் நிறைய இருந்ததால் தட்டுத் தடுமாறித் தப்பித்துக்கொண்டார். நாடக வரலாற்றுத் தாள் மட்டும் அவரை விடவில்லை. அதில் பெரிய கேள்விகள்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் அக்கா கூட்டம் சேரக் காத்திருந்தார், ஒவ்வொரு முறையும் பெல் அடித்தது. நானும் ஒவ்வொரு முறையும் பேக்கரியில் தலையில் அடித்துக்கொண்டேன்.

செய்முறைத் தேர்வு வேறு ரகம். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நாங்கள் ஆளுக்கொரு கலையை நடத்திக் காட்ட வேண்டும். நான் பாட வேண்டாம், ஆட வேண்டாம், வசனமும் வேண்டாம் என்று யோசித்து, மௌன நாடகத்தைத் தேர்ந்தெடுத்தேன். பையர் திருப்பி அனுப்பிய சரக்கைப் பார்த்து ஒரு மெர்ச்சன்டைசர் நிற்பதுதான் காட்சி. அதற்கு நடிப்புத் தேவையில்லை, வாரா வாரம் நடப்பதுதான். நான் நின்றுகொண்டிருக்கும்போதே வெளியே வராந்தாவிலிருந்து “டொய்ய்ங்... டொய்ய்ங்...” என்று சோகமாக ஒரு வயலின் கேட்டது. யாரும் கேட்காமலே அக்கா வாயால் வாசித்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் கண் கலங்கிவிட்டார். என் மார்க்கில் பாதி அந்த வயலினுக்குப் போக வேண்டியது.

அக்காவின் முறை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். அறைக்குள் தேர்வாளர், எங்கள் விரிவுரையாளர், மின்விசிறி. மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சனமே இல்லாம எப்படிங்க பாடறது?” என்று எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். “ஹலோ... ஹலோ... செக்...” முடிந்து ஒரு நாட்டுப்புறப் பாட்டை எடுத்தார். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் கீபோர்டு, புல்லாங்குழல், டிரம் பேடு எல்லாவற்றையும் தன் வாயாலேயே வாசித்தார். ஜன்னலில் முதலில் பி.காம். மாணவர்கள் வந்தார்கள், பிறகு கேன்டீன்காரர் கரண்டியோடு வந்தார், கடைசியில் வாட்ச்மேன் வந்து “ஒன்ஸ்மோர்!” என்று ஒரு சத்தம் போட்டார். “போதும்மா, அடுத்த ஆள்” என்றார் தேர்வாளர். “சனம் கேட்டப்பறம் பாடாமப் போனா மேடைக்கு ஆகாதுங்க” என்று அக்கா மறுபடியும் முழுப் பாட்டையும் பாடினார். தேர்வாளரின் சாப்பாடு ஆறிப்போனது. ஆனாலும் நல்ல மார்க்தான் போட்டார்.

ஆக, மூன்று வருடமும் முடிந்து, நான் பட்டதாரி ஆகி, சீனியர் ஆகி, முன்னைவிடச் சீனியராகத் திட்டு வாங்க ஆரம்பித்த பிறகும், அக்காவுக்கு அந்த ஒரு தாள் பாக்கி. இதற்குள் இரண்டு சங்கதிகள் நடந்தன. ஆர்க்கெஸ்ட்ராக்காரர் நன்றியுரையையும் அந்தச் சின்னப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். எங்கள் முதலாளி வீட்டம்மாவின் சொந்தத்தில் இசையில் எம்.ஏ. படித்த ஒரு பெண் வேலை தேடிக்கொண்டிருந்தாள். “ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குதுங்க அம்மிணி. அதுக்குள்ள டிகிரி வந்தாச் சரி. இல்லீன்னா நா என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க” என்றார் முதலாளி. மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் வேலையை விட்டு அனுப்புவதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பேக்கரியில் அக்கா ‘ஹலோ’கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். டீ அப்படியே இருந்தது.

“இதுலயும் போச்சுன்னா என்ற பொளப்பு முடிஞ்சுது கண்ணு. இனி டெய்லரிங் பழகற வயசா எனக்கு? ஏதாச்சும் பனியன் கம்பெனில டெய்லருக்குத் துணி கைமடிச்சுக் குடுக்கத்தான் போகோணும்.”

அவரை அப்படி நான் பார்த்ததில்லை. எரிச்சலும் வருத்தமும் சேர்ந்து வந்தது. அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் இதுவரை சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏக்கா, நீங்க பாடிட்டு இருக்கும்போது மந்திரி, எம்.எல்.ஏ., யாராவது வந்தா என்ன செய்வீய?”

“பாடற பாட்ட அப்படியே நிறுத்திப்போட்டு, இருக்கறதுலயே நல்ல பாட்டா எடுத்து உடுவோம். வி.ஐ.பி. எத்தன நேரம் இருப்பாரு? சால்வை போட்டதீம் கார் எடுத்துருவாரு.”

“அவ்வளவுதான்க்கா. பேப்பர் திருத்துதவரு வி.ஐ.பி. அவருக்கு முன்னால பேப்பரு மலையாக் கெடக்கு. உங்க பேப்பர்ல ரெண்டு பக்கம் பாப்பாரு, கார் எடுத்துருவாரு.”

அக்கா என்னையே பார்த்தார். பிறகு அந்த ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

“ஏன்டா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு? மூணு வருசமா வாத்தியாருங்ககூடச் சேந்துட்டு ஆளைக் கொன்னுபோட்டியே!”

பரீட்சையன்று கல்லூரி கேட் திறப்பதற்கு முன்பே பட்டுச்சேலையோடு நின்றாராம். வி.ஐ.பி. நிகழ்ச்சிக்குக் கலைஞர்கள் முன்கூட்டியே வந்துவிட வேண்டும் என்பது விதி. உட்கார்ந்ததும் பெரிய கேள்வியை எடுத்து வெளுத்து வாங்கிவிட்டு, பிறகுதான் மற்றதற்கு வந்தார். விநாயகரையும் விட்டுவிடவில்லை. “சாமி கோவிச்சுக்காது, கடைசில பாடுனா மங்களம்” என்று சமாதானம் சொன்னார். பாஸ். எவ்வளவு மார்க் என்று நான் எழுதினால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். பாஸ் என்பது மட்டும் உண்மை.

சான்றிதழை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனபோது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். முதலாளி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம்தான். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“ஒரே ஒரு விசயமுங்க அம்மிணி. இனி நீங்க டீச்சரு. கோயில் நோம்பி, கல்யாணம்னு மேடையேறிப் பாடறதெல்லாம் உட்டுப்போடுங்க. பேரண்ட்ஸ் என்ன நெனைப்பாங்க?”

“சரிங்ணா. அப்ப நம்ம கம்பெனி ஆயுதபூசைக்கு?”

“அதுக்கு நீங்கதானுங்களே பாடோணும்! அது நம்ம கம்பெனி. அது வேற.”

அந்த மேடையில் பாடித்தான் அக்கா வீட்டில் அடுப்பெரிந்தது. இந்தப் படிப்புக்கான வழியும் அங்கிருந்துதான் வந்தது. அதையே ஒரு வியாதிபோல விடச்சொல்லிவிட்டு, தன் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டார் பெரிய மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். சம்பளம் கொடுக்கிறவர் முன்னால் எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. படி இறங்கும்போது மட்டும், “மேடையில்லாம எனக்குத் தூக்கம் வருமாங் கண்ணு?” என்றார்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தார். காலை வணக்கக் கூட்டம் எந்த நேரத்துக்கு நடக்க வேண்டுமோ அதற்கு அரை மணி தள்ளி நடக்க ஆரம்பித்தது. தலைமையாசிரியை பேச எழுந்தால் ‘நம் அனைவரின் உள்ளங்களையும் கொள்ளை கொண்ட’வர் ஆனார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் முன் “ஹலோ... ஹலோ... செக்” சொல்வதாகக் கணக்கு டீச்சர் புகார் எழுதினார். முதலாளி அதைப் படித்துவிட்டு மேஜைக்குள் போட்டுவிட்டார்.

பிறகு ஆயுதபூஜை வந்தது. கம்பெனி முற்றத்தில் பந்தல். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எல்லார் கையிலும் பொரி. முன்வரிசை சோபாவில் முதலாளி, பின்னால் தையல், செக்கிங், அயர்னிங் ஆட்கள் குடும்பத்தோடு. அந்தப் பள்ளியில் படிப்பதே பாதிக்கு மேல் இவர்கள் பிள்ளைகள்தான். ஜிகினா சேலை இல்லாமல், பள்ளியின் காட்டன் சேலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அக்கா மேடையேறினார். வழக்கமாக இந்த நேரத்தில் பையன்கள் விசிலடித்து, “அக்கா, குத்துப் பாட்டு!” என்று கத்துவார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. மேடை தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அப்போது செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண், பந்தலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேடையேறினாள்.

“வாரம் பூரா எங்க புள்ளைகளுக்காக நின்னுட்டே கெடக்கறீங்க. உக்காந்து பாடுங்க டீச்சர்” என்று நாற்காலியைப் போட்டாள்.

கூட்டத்திலிருந்து, “ஆமாங்க டீச்சர், உக்காருங்க” என்று இன்னும் பல குரல்கள். ஒடிசாவிலிருந்து வந்த அயர்னிங் பையன்கள்கூட “டீச்சர், பைட்டோ” என்று இந்தியில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். பேரண்ட்ஸ் என்ன நினைப்பார்கள் என்று கேட்ட முதலாளி, திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் இத்தனை வருடம் நின்ற அக்காவுக்கு இதுவரை யாரும் உட்கார இடம் போட்டதில்லை. மைக்கைப் பிடித்தபடி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்; முதல் வரி வரவில்லை. முன்னால் தரையில் இருந்த அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் வரியில் சேர்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து கை தட்டியது நான்தான் என்று எழுதத்தான் ஆசை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் மொத்தப் பந்தலும் எனக்கு முன்னால் எழுந்துவிட்டது.